முருகைக்கல்லில் படை: புறாமலையில் ஒரு கடற்பஞ்சுக்குப் பெயர் தேடிய நிகழ்வு ஆய்வு

"கல்லுக்குப் படை பிடிச்சிருக்கு, பிள்ளை."

திருகோணமலை நிலாவெளிக் கரையில் வள்ளத்தை இழுத்து விட்டுவிட்டு, பொலித்தீன் பைக்குள்ளிருந்த தொலைபேசியை எடுத்து நீட்டியபடி அந்த அண்ணை சொன்னார். எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவது அவருடைய தொழில். கச்சான் காற்றுத் தொடங்கி மாரி இருட்டும் வரை ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அந்தக் கற்களுக்கு மேலால் போய்வருகிறவர். படத்தில் ஒரு பெரிய உருண்டை முருகைக்கல். அதன் தோளில் கறுப்பும் கபிலமுமாய் ஒரு திட்டு. கல்லின் மேடு பள்ளத்தை அப்படியே ஒட்டிப் படர்ந்திருந்தது. விளிம்பில் உயிருள்ள முருகைக்கும் அதற்கும் நடுவே வெளிறிய ஒரு கோடு. தோலில் வரும் படை அச்சொட்டாக இப்படித்தான் இருக்கும்.

"போன கச்சானுக்கு உள்ளங்கையளவு. இப்ப பாருங்கோ, சோத்துக் கோப்பையளவு."

இந்த வசனத்தை அன்றே குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். கடைசியில் அதற்குத்தான் திரும்பி வரவேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து அதே படம் வட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது, இந்தமுறை ஒரு பெயரோடு: டெர்பியோஸ் ஹொஷினோட்டா. முருகையைக் கொல்லும் கறுப்புப் பஞ்சு. கூடவே ஓர் அழைப்பு. வருகிற சனிக்கிழமைகளில் ஒன்றில் தொண்டர்கள் கம்பித் தூரிகையோடு இறங்கித் தேய்த்து அகற்றப் போகிறார்களாம். யார் பெயர் வைத்தது, எதைப் பார்த்து வைத்தது என்று விசாரித்தால், எல்லோரும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள்.

அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். டெர்பியோஸ் ஹொஷினோட்டா உண்மையிலேயே பொல்லாதது. 1973இல் குவாம் தீவில் அது உயிருள்ள முருகையின் மேல் மாதத்துக்குச் சராசரியாக 23 மில்லிமீற்றர் முன்னேறுவதாக அளந்து எழுதினார்கள். 1993இல்தான் அதற்கு முறையான பெயர் கிடைத்தது. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்பு. உடம்பில் பெரும்பங்கு சயனோபற்றீரியா என்ற நீலப்பச்சை நுண்ணுயிர். அதனால்தான் அந்தக் கறுப்பு. நமக்குப் பக்கத்திலேயே, பாக்கு நீரிணையிலும் மாலைதீவிலும் அதைக் கண்டதாக அறிக்கைகள் வந்திருக்கின்றன. திருகோணமலைக்கு வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் சிரிக்க முடியாது.

ஆனால் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் எங்கள் ஆய்வுகூடத்தின் நிலைப்பாடு. கடற்பஞ்சுக்கு முகம் கிடையாது. மீனுக்குச் செட்டையை எண்ணலாம், நண்டுக்குக் காலைப் பார்க்கலாம். பஞ்சில் எண்ணுவதற்கு வெளியே ஒன்றுமில்லை. ஒரே இனம் அலை அடிக்கும் இடத்தில் தோல்போல ஒட்டிக்கிடக்கும். அமைதியான குடாவில் விரல் விரலாய் எழும்பி நிற்கும். நிறத்தை நம்பினால் இன்னும் மோசம். வெரோங்கிட என்ற வருணத்தை (குடும்பத்துக்கு மேலுள்ள வகைப்பாட்டுப் படி) சேர்ந்த பஞ்சுகள் சில தண்ணீருக்குள் மஞ்சளாக இருக்கும். வெளியே எடுத்துக் கையில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஊதாவாகி, கறுத்துப் போகும். ஆளை விழுங்குகிற அளவு பீப்பாய்போல நிற்கும் செஸ்டோஸ்பாஞ்சியா டெஸ்டுடினேரியாவை எந்தச் சுழியோடியும் தூரத்தில் நின்றே பெயர் சொல்லிவிடுவார். அதையே மரபணு பார்த்தவர்கள், அந்த ஒரு பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருக்கின்றன என்று எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய பீப்பாயிலேயே இந்தக் குழப்பம் என்றால், கல்லில் ஒட்டிய ஒரு கறுப்புத் திட்டைத் தொலைபேசிப் படத்தில் பார்த்து என்ன சொல்வது?

முதல் இறக்கம்

புறாமலை 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவானது. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான், நீந்தத் தெரிந்தவர் நீந்தியே போய்விடுவார். ஆனால் அங்கிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. எங்கள் பேராசிரியரின் பெயரில் வாங்கிய அனுமதிப் பத்திரத்தில் இரண்டு நாள், சிறு துண்டுகள் மட்டும் என்று எழுதியிருந்தது. காகிதம் கைக்கு வருவதற்குள் கச்சானில் பாதி போய்விட்டது. அந்தக் கதையை இங்கே நீட்ட விருப்பமில்லை.

காலை ஏழு மணிக்கே இறங்கினோம். வெயில் ஏறினால் ஆட்கள் வந்து மணலைக் கிளப்பிவிடுவார்கள். கல் இரண்டு ஆள் ஆழத்தில்தான் கிடந்தது. கிட்டப் போனதும் படத்தில் தெரியாத இரண்டு விடயங்கள் தெரிந்தன. திட்டின் மேற்பரப்பில் நீர் வெளியேறும் வாய்கள் சிறிதும் பெரிதுமாய் இருந்தன. கையால் தண்ணீரைத் தள்ளியதும் அவை மெல்லச் சுருங்கின. ஆகவே இது பாசியல்ல. டெர்பியோஸில் அந்த வாய்களைச் சுற்றி நட்சத்திரம்போலக் கால்வாய்கள் ஓடுவது வெறும் கண்ணுக்கே தெரியும் என்பார்கள். இங்கே அப்படித் தெளிவாக எதுவும் இல்லை. ஆனால் கலங்கல் தண்ணீரில், நீந்திக்கொண்டு, முகமூடிக்குள்ளால் பார்த்து "இல்லை" என்று எழுத எனக்குத் துணிவு வரவில்லை. "தெளிவில்லை" என்றே பலகையில் எழுதினேன்.

அளவுகோலை வைத்து, தூரத்திலிருந்தும் கிட்டவும் விளிம்பிலும் படம் எடுத்தோம். பிறகு செத்த கல்லும் பஞ்சும் சேரும் ஓரத்தில் உளியை வைத்து, பெருவிரல் நகமளவு ஒரு துண்டு. அடியிலுள்ள கல்லோடு சேர்த்தே எடுக்கச் சொல்லியிருந்தார் பேராசிரியர், எங்கள் சேர். ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

முதல் பிழை வள்ளத்திலேயே நடந்துவிட்டது. அலையில் ஆடிக்கொண்டே முழுத் துண்டையும் எதனோலுக்குள் போட்டு மூடிவிட்டேன். கரைக்கு வரும்போது திரவம் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது. பஞ்சுக்குள்ளிருக்கும் கடல்நீர் எதனோலை ஐதாக்கும். அதனால் ஒரு நாளில் மாற்ற வேண்டும் என்பது தெரிந்த விடயம், மாற்றினேன். ஆனால் உள்ளே குடியிருந்த நுண்ணுயிர்களின் நிறமும் எதனோலில் கரைந்து போய்விட்டது. ஒரு சிறு கீற்றைக் கடல்நீரிலேயே வைத்திருந்தால், அன்று மத்தியானமே பாதி விடை கிடைத்திருக்கும். அது எப்படி என்பது பின்னால் வரும்.

ஊசி எடுத்தல்

பள்ளிக்கூடப் புத்தகத்தில் பொரிபெரா கணம் என்று அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிற கூட்டத்தில் இன்று 9,000க்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் உண்டு. வகுப்புகள் நாலு. சுண்ண முள் கொண்டவை. ஆழ்கடலில் வாழும், ஆறு கதிர் முள்ளுள்ள கண்ணாடிப் பஞ்சுகள். 2012இல் தனி வகுப்பாகப் பிரிக்கப்பட்ட ஹோமோஸ்கிளெரோமோர்ப்பா என்ற சிறு கூட்டம். மீதி எல்லாம் டெமோஸ்பாஞ்சியா. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இந்தக் கடைசி வகுப்புத்தான். வெப்பமண்டல முருகைக்கல்லில் கையில் அகப்படுவதும் பெரும்பாலும் இதுவே. இவற்றில் பலவற்றின் உடம்புக்குள் சிலிக்காவாலான நுண்ணிய முட்கள் இருக்கின்றன. நாங்கள் அவற்றை "ஊசி" என்றே சொல்வோம். சதை அழுகும், நிறம் போகும், வடிவம் மாறும். ஊசி அப்படியே இருக்கும். எத்தனை வகை ஊசி, எந்த வடிவம், என்ன நீளம், உடம்புக்குள் எப்படி அடுக்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் வருணம், குடும்பம், சாதி என்று பெரிய கூட்டத்திலிருந்து சிறியதற்குப் படிப்படியாக இறங்கிப் போக வேண்டும். (ஊசியே இல்லாத பஞ்சுகளும் உண்டு. குளிக்கப் பாவிக்கும் பஞ்சு அந்த ரகம், நார் மட்டும்தான். அவற்றைப் பிரிப்பது வேறொரு தலைவலி.)

ஊசி எடுப்பது சமையலைவிடச் சுலபம். துணி வெளுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலில் பஞ்சுத் துண்டைப் போட்டால் சதை நுரைத்துக் கரைந்துவிடும். அடியில் வெள்ளைப் பொடிபோல மிஞ்சுவது ஊசி. நல்ல தண்ணீரால் நாலைந்து தடவை கழுவி, எதனோலால் ஒரு தடவை கழுவி, ஒரு துளியைக் கண்ணாடி வழுக்கியில் விட்டுக் காய வைத்து, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைக்க வேண்டும்.

முதல் வழுக்கியில் இரண்டு வகை தெரிந்தது. ஒன்று தெளிவான குண்டூசி: ஒரு முனை கூர், மற்ற முனையில் உருண்டைத் தலை. புத்தகத்தில் டைலோஸ்டைல் என்று இருக்கும்; குண்டூசி என்றால் யாருக்கும் விளங்கும். மற்றது இரு முனையும் கூரான, சற்று வளைந்த ஊசி. குண்டூசியும் இருமுனை ஊசியும் சேர்ந்து வருகிற படர்ந்த கறுப்புப் பஞ்சு எது? அரை நாள், இனங்காண உதவும் திறவுகோல் பட்டியல்களைப் புரட்டினேன். ஒன்றிலும் அடங்கவில்லை. புதிய இனமோ என்ற ஆசைகூட வந்தது. மாலையில் சேர் வந்து குனிந்து பார்த்தார்.

"முகவை புதுசா?"

"கழுவின முகவை, சேர்."

"போன கிழமை அதில என்ன போட்டீங்க?"

போன கிழமை அதில் ஹலிக்ளோனா என்ற வேறொரு பஞ்சு. ஹலிக்ளோனாவின் ஊசி இருமுனை ஊசி. பஞ்சு ஊசி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் சவர்க்காரத்துக்கும் தூரிகைக்கும் அசையாது. அன்றிலிருந்து ஒரு மாதிரிக்கு ஒரு புதுக்குழாய், வேலை முடிந்ததும் குப்பைத் தொட்டி. செலவுதான். அந்த அரை நாளில் நான் கண்டுபிடித்த "புதிய இனம்" அதைவிடப் பெரிய செலவு.

குண்டூசி மட்டும்

புதுக் குழாயில் இரண்டாவது தடவை செய்தேன். இம்முறை குண்டூசி மட்டும். வேறெதுவும் இல்லை.

இது நல்ல செய்தியல்ல. டெர்பியோஸில் இருப்பதும் குண்டூசி மட்டும்தான். மெல்லிய கறுப்புப் படர்ச்சி, குண்டூசி மட்டும், முருகைக்கல்லின் மேல்: திறவுகோலில் வரி வரியாக இறங்கினால் வட்ஸ்அப்பில் சொன்ன இடத்துக்கே வந்து நிற்கிறது. தூரிகைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறதோ என்று நினைத்தேன். அன்று இரவே ஒரு குறிப்பு எழுதி அனுப்பியும் இருப்பேன்.

தடுத்தது தலை. டெர்பியோஸின் குண்டூசிக்குத் தலை உருண்டையாக இருக்காது. நாலு மொட்டு ஒன்றாய்ப் பிதுங்கியதுபோல, சற்றே சப்பையாக இருக்கும். நான் பார்த்த தலைகள் உருண்டை. சிலவற்றில் முட்டை வடிவம். ஒன்றிரண்டில் தலை முனையிலிருந்து சற்றுக் கீழே, தண்டில் மணி கோர்த்ததுபோல வீங்கியிருந்தது. முப்பது ஊசியை அளந்தேன். குறைந்தது, கூடியது, சராசரி என்று மூன்றும் எழுதுவதுதான் வழக்கம். ஒரே ஓர் அழகான ஊசியை அளந்து எழுதினால் அது ஊசியின் அளவல்ல, நம் ரசனையின் அளவு. ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர் என்று வந்தது. நீளம் இங்கே உதவாது, இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். தலை மட்டும் ஒத்துவரவில்லை.

சேரிடம் வழுக்கியைக் காட்டினேன். அவர் தலையைப் பார்க்கவில்லை. கழுவிய விதத்தைக் கேட்டார்.

"ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் அடைய விட்டீங்க?"

"ஒரு கால் மணித்தியாலம்."

"பிறகு?"

"மேல் தண்ணியை ஊத்திட்டன்."

"எங்க ஊத்தினீங்க?"

தொட்டியில். அப்போதுதான் உறைத்தது. பெரிய ஊசி கால் மணித்தியாலத்தில் அடியில் போய் உட்கார்ந்துவிடும். பஞ்சில் இன்னொரு தரம் உண்டு: நுண்ணூசி. ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒன்று, இரண்டு என்ற அளவு. அது தண்ணீரில் தூசிபோல மணிக்கணக்காகத் தொங்கிக்கொண்டு நிற்கும். நான் நாலு தடவை கழுவி நாலு தடவையும் அதைத் தொட்டியில் ஊற்றியிருக்கிறேன். குண்டூசி மட்டும்தான் இருக்கிறது என்று நான் எழுதியது பஞ்சைப் பற்றியல்ல, என் பொறுமையைப் பற்றி.

மூன்றாவது தடவை, ஒவ்வொரு கழுவலுக்கும் ஒரு இரவு. மேல் தண்ணீரைக் கவிழ்க்காமல், மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, அதையும் இன்னொரு குழாயில் சேர்த்து வைத்தேன். ஐந்தாம் நாள் வழுக்கியை வைத்து, நாற்பது மடங்கு வில்லையில் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன். முதலில் குப்பை என்றே நினைத்தேன். நுண் திருகாணிபோல முறுக்கிய ஒரு சிறு கோல், அதன் முதுகில் முள். குவியத்தை ஒரு மயிரிழை திருப்பினால் முறுக்கு ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் எழும்பும். பக்கத்தில் இன்னொன்று. பிறகு கண் பழகியதும் பத்து, இருபது. ஸ்பைராஸ்டர்.

ஸ்பைராஸ்டர் டெர்பியோஸில் கிடையாது. குண்டூசியும் ஸ்பைராஸ்டரும் சேர்ந்து, முருகைக்கல்லோடு வாழ்கிறது என்றால் நினைவுக்கு வரவேண்டியது கிளையோனா, கல்லைத் துளைக்கும் பஞ்சு.

அமிலத்தில் கரைந்த கல்

கல்லோடு சேர்த்து எடுக்கச் சொன்னதன் காரணம் இப்போது விளங்கியது. டெர்பியோஸ் மேலே ஒட்டிப் படர்வது. கத்தியால் சுரண்டினால் அடியில் கல் முழுதாக இருக்க வேண்டும். கிளையோனா கல்லுக்குள் குடியிருப்பது. இரசாயனத்தால் கல்லை அரித்து, நுண்ணிய சில்லுகளாகப் பெயர்த்து, வெளியேறும் நீரோடு தள்ளிவிடும். அறை அறையாகக் குடைந்து உள்ளே வாழும். சில இனங்களில் வெளியே சிறு முளைகள் மட்டும் தெரியும். அதை ஆல்பா நிலை என்பார்கள். மேற்பரப்பை முழுக்க மூடிவிட்டால் பீட்டா. கல்லையே தின்று முடித்துத் தனியே நின்றால் காமா. பீட்டா நிலையில் உள்ள கிளையோனாவை மேலிருந்து பார்க்கிறவருக்கு அது வெறும் படர்ச்சிதான்.

மீதித் துண்டைப் பிளந்தேன். மேலே கறுப்புத் தோல். அதன் கீழே கல், ஒரு விரற்கடை ஆழத்துக்குத் தேன்கூடாயிருந்தது. அறைகளுக்குள் மஞ்சள் கலந்த சதை. அந்தத் துண்டை ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தில் போட்டேன். (ஹைப்போகுளோரைட்டுப் பட்ட எதையும் கழுவாமல் அமிலத்துக்குள் போடக் கூடாது. வருவது குளோரின் வாயு. இது ஆலோசனையல்ல, எச்சரிக்கை.) முருகைக்கல் கல்சியம் காபனேற்று, அது நுரைத்து நுரைத்துக் குறைந்தது. இரண்டு மணித்தியாலத்தில் கல்லே இல்லை. கல் இருந்த இடத்தில், கல்லின் உருவத்திலேயே, சிறு சிறு பைகள் கயிற்றால் கோர்த்ததுபோல ஒரு சதை வலை மிதந்துகொண்டிருந்தது. மேலேயிருந்த கறுப்புத் தோல் அதன் மூடி மட்டுமே. படத்தில் எல்லோரும் பார்த்துப் பயந்தது அந்த மூடியைத்தான்.

அனுமதியின் இரண்டாவது நாளில் திரும்பப் போய்ப் பருக்கையளவு கீற்றைக் கடல்நீரிலேயே கொண்டுவந்தேன். வழுக்கியில் நசுக்கிப் பார்த்தால் எங்கும் பொன்கபில உருண்டைகள். முருகைக்குள் வாழும் அதே கூட்டத்து ஒருகல அல்காக்கள். டெர்பியோஸாக இருந்திருந்தால் அந்த இடத்தில் சயனோபற்றீரியாவின் நீலப்பச்சை தெரிந்திருக்கும். ஐந்து நிமிட வேலை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

எந்தப் படியில் நிற்பது

இந்த இரண்டு பஞ்சும் குழம்புவது எனக்கு மட்டும் நேர்ந்த ஒன்றல்ல. 2002இல் வெளிவந்த, பஞ்சுக்காரர் எல்லோரும் பாவித்த பெரிய வகைப்பாட்டு நூலில் டெர்பியோஸும் கிளையோனாவும் ஹட்ரோமெரிடா என்ற ஒரே வருணத்தில்தான் இருந்தன. இரண்டிலும் குண்டூசி இருந்தது அதற்கு முக்கியமான காரணம். 2015இல் மரபணுச் சான்றையும் சேர்த்து டெமோஸ்பாஞ்சியாவை மறுசீரமைத்தபோது அந்த வருணம் கைவிடப்பட்டது. டெர்பியோஸ் சுபெரிடிடாவுக்குப் போனது, கிளையோனா கிளையோனைடாவுக்கு. குண்டூசி இரண்டு வழியில் இரண்டு இடத்துக்கு வந்த பொருள், உறவுக்குச் சாட்சியல்ல என்று தெரிய அத்தனை காலம் எடுத்தது. பழைய நூல் ஒன்றை மட்டும் கையில் வைத்திருக்கும் மாணவர் இன்றும் இவற்றை ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றே எழுதுவார்.

சரி, கிளையோனா. எந்தக் கிளையோனா? இங்கேதான் எனக்கும் ஒரு நண்பருக்கும் வாய்த்தர்க்கம். கபிலநிறம், பொன்கபிலக் கலங்கள், பீட்டா நிலை, இந்து சமுத்திரம்: கிளையோனா ஒரியென்டாலிஸ் என்று எழுதிவிடலாம் என்றார் அவர். நான் எழுதவில்லை. பொன்கபிலக் கலங்களோடு வாழும் கிளையோனாக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம். அவற்றைச் சேர்த்துக் கிளையோனா விரிடிஸ் குழு என்று அழைப்பதே வழக்கம். ஸ்பைராஸ்டரின் முறுக்கு எத்தனை, முள் எப்படி என்று ஒளி நுணுக்குக்காட்டியில் பார்த்து அவற்றைப் பிரிப்பது என் கண்ணுக்கு அப்பாற்பட்டது. மரபணு பார்த்தாலும் ஒரே அடியில் தீராது. விலங்குகளுக்குப் பொதுவாகப் பாவிக்கும் இழைமணி மரபணுத் துண்டு பஞ்சுகளில் மெதுவாகத்தான் மாறுகிறது. பக்கத்து இனங்களில் ஒரேமாதிரி வந்து நிற்கும். கலத்தின் கருவிலுள்ள 28எஸ் என்ற மரபணுத் துண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதோடு குழாயில் பெருகியது பஞ்சின் மரபணுவா, உள்ளே குடியிருக்கும் அல்காவினதா என்றும் பார்க்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் வழி தூரம். இலங்கைக் கடல் பஞ்சுகளுக்கு அடித்தளம் ஆர்தர் டெண்டி 1905இல் வெளியிட்ட அறிக்கை. 1902இல் முத்துக்குளிப்புத் துறையை ஆராய வந்த ஹேர்ட்மன் சேகரித்துக் கொண்டுபோனவற்றை வைத்து அவர் எழுதினார். கடலுக்குள் அவை எப்படித் தெரிந்தன என்பதற்குப் படம் இல்லை. மூல மாதிரிகள் லண்டனில். மன்னார்க்குடாவின் அக்கரையில், தமிழ்நாட்டின் மண்டபம் என்ற ஊரிலிருந்து பி. ஏ. தோமஸ் துளைக்கும் பஞ்சுகளைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். 1972இல் அச்சான அந்தக் கட்டுரைதான் எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது. கிழக்குக் கரையில் இருப்பவருக்கு மேற்குக் கரையின் பட்டியலை வைத்தே வீடு தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே போத்தலில் ஒட்டிய சீட்டில், "கிளையோனா, விரிடிஸ் குழு, பீட்டா நிலை, உருண்டை முருகைக்கல், புறாமலை" என்று எழுதி நிறுத்தினேன். நண்பருக்குத் திருப்தியில்லை. சாதியோடு நிற்பது அரைகுறை வேலை என்பது அவர் எண்ணம். நான் எழுதும் இனப்பெயரை நாளைக்கு யாரோ ஒருவர் தன் பட்டியலில் ஏற்றுவார், அதிலிருந்து இன்னொருவர் எடுப்பார், பத்து வருடத்தில் அது திருகோணமலையின் உறுதியான பதிவாகிவிடும். போத்தலும் வழுக்கியும் இருக்கின்றன. என்னைவிடக் கண் கூர்மையானவர் வந்து மீதியை எழுதட்டும்.

தூரிகை

இந்தப் பெயர் கடலில் என்ன வித்தியாசம் செய்தது? மேலே படர்கிற பஞ்சு என்றால் தேய்த்து எடுப்பது பற்றி வாதாடவாவது இடமுண்டு. இது கல்லுக்குள் ஒரு விரற்கடை ஆழத்தில் இருக்கிறது. கம்பித் தூரிகை மூடியை மட்டும் கிழிக்கும். உள்ளேயிருக்கும் சதை திரும்ப வளர்ந்து மூடிக்கொள்ளும். விளிம்பிலுள்ள உயிருள்ள முருகைதான் காயப்படும், காயம்பட்ட இடமோ கிளையோனாவுக்கு வாசல். அமிலத்தில் மிஞ்சிய அந்தச் சதை வலையின் படத்தை அனுப்பினேன், எழுத்து நாலு வரிதான். அழைப்பு விட்டவர்கள் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, தூரிகைக்குப் பதிலாக அளவுகோல் கொண்டுவரலாமா என்று கேட்டார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். பிடிவாதம் பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை.

அதற்காகக் கிளையோனா சாது என்றும் இல்லை. துளைத்த கல் பலமிழக்கும். வாடைக் கடல் ஓங்கி அடிக்கும்போது உடைவது அப்படிப்பட்ட கற்கள்தான். வெளிறிச் செத்த முருகை அதிகமானால் இதற்கும் இடம் அதிகமாகும். ஆனால் ஒரு கல்லில் ஒரு திட்டு என்பது எந்த முருகைக்கல் பாரிலும் இருக்கக்கூடியதே.

மிஞ்சியது அண்ணையின் வசனம். உள்ளங்கை ஒரே வருடத்தில் சோத்துக் கோப்பை. டெர்பியோஸ் என்றால் அது சாதாரணம். கல்லைக் குடைந்து குடைந்து நகரும் ஒன்றுக்கு அது அதிக வேகம். ஊசி ஒன்று சொல்கிறது, கண்கண்ட சாட்சி வேறொன்று சொல்கிறார். அவரைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கல்லை என்னைவிட ஆயிரம் தடவை அதிகம் பார்த்தவர் அவர்.

மாரிக்கு முன் கடைசித் தடவை போனபோது, பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கல்லை ஆர் படம் எடுத்தது என்றார். ஆனாலும் வள்ளத்தின் அணியத்தில் உட்கார்ந்து தொலைபேசியைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். பிள்ளையின் பிறந்தநாள், கோணேசர் தேர், வலை நிறைந்த கீரிமீன், கறுத்தக் கண்ணாடி போட்ட வெள்ளைக்காரர். இரண்டு கச்சானுக்கு முந்திய ஒரு படத்தில் நிறுத்தினார். ஒரு கிளிமீன், படம் முழுக்க அடைத்துக்கொண்டு. அதன் வாலுக்குப் பின்னால் கலங்கலாக அந்த உருண்டைக் கல், தோளில் கறுப்புத் திட்டு. பக்கத்திலிருக்கும் வெடிப்பை வைத்து இந்த வருடப் படத்தோடு ஒப்பிட்டோம். விளிம்பு ஒரு விரலளவுகூட நகர்ந்திருக்கவில்லை.

அண்ணை படத்தைப் பெருப்பித்து, சிறுப்பித்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மீனைத்தானே பிள்ளை எடுத்தனான்," என்றார்.